அச்சமும் அருளும்

மெய்ப்பாடுகளை எட்டென வகுத்த தொல்காப்பியனார் அவற்றுள் ஒன்றாக அச்சத்தை வைத்திருத்தலைத் தமிழ் பயில்வார் அனைவரும் அறிவர். அவ்வச்சம் பிறக்கும் நிலைக்களங்களையும் அவர் நான்கென எண்ணினர். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன அவை. கண்ணுக்குப் புலனாகாத ஆற்றலும், கொடிய உயிர்களும், தீங்கிழைக்கும் மாந்தரும், ஒறுக்கும் அதிகாரமுடையாரும் என இவற்றை விரித்துக் கூறலாம். இந்நூற்பாவை வகுப்பிற் பயின்ற நாளில், மின்விளக்கும் கைப்பேசியும் மலிந்த இக்காலத்து மக்களின் அச்சமும் இந்நான்கனுள் அடங்குமோ என்னும் வினா எம் உள்ளத்தெழுந்தது.

அதற்கு விடை, யாம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஆல்பிரட் ஹிட்ச்காக் என்பார் 1899-ஆம் ஆண்டில் இலண்டனை அடுத்த லெய்டன்ஸ்டோனிற் கத்தோலிக்கக் குடும்பமொன்றிற் பிறந்து, 1980-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மறைந்த படவியக்குநர். ஐம்பதுக்கு மேற்பட்ட படங்களை ஆக்கிய இவரது தொழில் முழுமையும் அச்சம் என்னும் ஒரு மெய்ப்பாட்டின்மேலேயே நின்றது எனலாம். அப்படங்களைத் தொல்காப்பியனார் அமைத்த நான்கு அறைகளிலும் ஒழுங்குற அடுக்கி வைக்க இயலும். இறந்துபோன முதல் மனைவியின் நினைவு ஒரு மாளிகையையே ஆட்டிவைக்கும் ‘ரெபேக்கா’ (1940) அணங்கின்பாற் படும். பறவைகள் காரணமின்றி ஓர் ஊரைத் தாக்கும் ‘தி பேர்ட்ஸ்’ (1963) விலங்கின்பாற் படும். வழிப்போக்கர் விடுதியொன்றிற் கொலை நிகழும் ‘சைக்கோ’ (1960) கள்வரின்பாற் படும். குற்றமற்ற இசைக்கலைஞன் ஒருவன், வேறொருவன் எனப் பிறழ உணரப்பட்டுக் காவலர் கையிற் சிக்கித் தவிக்கும் ‘தி ராங் மேன்’ (1956) இறையின்பாற் படும். ஓராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட தமிழ் இலக்கணம் ஓர் ஆங்கிலேயரின் கலைக்கு உரையாகி நிற்றல் எமக்குப் பெருவியப்பைத் தந்தது.

இந்நான்கனுள்ளும் இறையச்சமே அவரை இளமை முதல் வருத்தியது போலும். சிறுவனாயிருந்த தம்மைத் தந்தையார் ஒரு சீட்டுடன் காவல் நிலையத்துக்கு அனுப்ப, ஆங்கிருந்த அதிகாரி சில மணித்துளிகள் சிறையறையிற் பூட்டி வைத்தார் என்பதை அவர் முதுமையிலும் பலகாற் சொல்லி வந்தார். அவர் கல்வி பயின்ற இயேசு சபையாரின் பள்ளியில் நிலவிய கண்டிப்பும் தம்முள் அச்சத்தை வளர்த்தது என்பர். அஞ்சி வளர்ந்த பிள்ளை, பின்னாளில் உலகத்தையே அஞ்சவைக்கும் தொழிலை மேற்கொண்டது.

அவர் கண்ட நுட்பம் யாதெனில், அச்சம் வேறு, திடுக்கீடு வேறு என்பதே. பிரெஞ்சு நாட்டு இயக்குநராகிய துரூபோவுடன் 1962-இல் உரையாடிய காலத்து இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கினார். இருவர் மேசையருகே அமர்ந்து வீண்பேச்சுப் பேசுகின்றனர். மேசையின் கீழ் வெடிகுண்டு இருக்கின்றது. அஃது இருப்பது நமக்குத் தெரியாது வெடிப்பின், நாம் அடைவது 15 நொடித் திடுக்கீடு மட்டுமே. குண்டு இருப்பதை நாம் முன்னரே அறிந்திருக்க, அவ்விருவர் மட்டும் அறியாது பேசிக்கொண்டே இருப்பாராயின், நாம் 15 நிமிடம் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டிருப்போம். சஸ்பென்ஸ் என உலகம் வழங்குவது இதுவே. அறிந்தவன் அறியாதவனுக்காக நடுங்கும் நடுக்கம் அது. ஆதலின் அதனுள் அச்சத்தோடு இரக்கமும் கலந்திருத்தலை ஊன்றிக் காண்க.

நம் நாட்டிலும் இந்நெறி வேரூன்றிப் பல ஆண்டுகள் ஆயின. விழுப்புரத்தில் 1928-ஆம் ஆண்டு பிறந்த சிவாஜி கணேசன் நடிக்க, வீணை வித்தகர் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ 1954-இல் வெளிவந்தது. சென்னையின்மீது 1943-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஜப்பானியர் குண்டு வீசிய நாளைக் களனாகக் கொண்டு, பாடல் ஒன்றுமின்றி, கதைத்தலைவன் சுடப்பட்டு வீழ்வதோடு தொடங்கும் அப்படத்தைக் குறித்து எம் ஊர்ப் பெரியோர் இன்றும் பெருமிதத்தோடு பேசுவர். எம்.ஜி.ஆர். நடித்த ‘கலங்கரை விளக்கம்’ (1965) ஹிட்ச்காக்கின் ‘வெர்ட்டிகோ’ (1958) என்னும் படத்தின் கதையைப் பெரிதும் ஒத்தது. ஹிட்ச்காக் மறைந்த அதே 1980-ஆம் ஆண்டில், பாலு மகேந்திரா ‘சைக்கோ’வின் சாயல் படிந்த ‘மூடுபனி’யை அளித்தார். அஃது இளையராஜா இசையமைத்த நூறாவது படமாகும்.

நாற்பது ஆண்டுகள் கழிய, அதே இளையராஜாவின் இசையோடு, மூலப் படத்தின் பெயரையே தாங்கி, ஹிட்ச்காக்குக்கு வணக்கம் செலுத்தும் படமாக மிஷ்கினின் ‘சைக்கோ’ 2020-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் வெளியாயிற்று. வயது வந்தோர்க்கு மட்டுமே உரியதெனச் சான்றளிக்கப்பெற்ற அதனை யாம் அண்மையிலேதான், விடுதித் தோழர் அறுவரோடு ஒரு கணிப்பொறியின் முன் நெருங்கியமர்ந்து கண்டோம். கோயம்புத்தூரில் மகளிர் பலர் கடத்தப்பட்டுத் தலை கொய்யப்படுகின்றனர். வானொலியிற் பேசும் தாகினி என்பாளும் கவரப்படுகின்றாள். அவளை விரும்பிய கௌதம் விழியிழந்தவன். அவனுக்குத் துணையாக நிற்கும் கமலா, விபத்தில் உடல் செயலிழந்த முன்னாட் காவல் அதிகாரி. கொலைஞன் இன்னான் என்பதை இறுதிவரை மறைத்து வைக்கும் வழக்கத்தை விடுத்து, இயக்குநர் அவன் முகத்தைத் தொடக்கத்திலேயே நமக்குக் காட்டிவிடுகின்றார். காண்பார் கண்டதைக் கதைத்தலைவன் காணமாட்டான். மேசையின் கீழுள்ள குண்டை நாம் அறிவோம், அவன் அறியான். ஆசிரியரின் பாடத்தை மாணவர் இதனினும் நேரிதாக ஏற்று நடத்தல் அரிது.

எனினும் அப்படம் எம் அறையில் விளைத்த பூசல் அச்சத்தைப் பற்றியதன்று. இளமையில் ஆசிரியை ஒருத்தியிடம் பட்ட கொடுமையே அக்கொலைஞனை அவ்வாறு ஆக்கிற்று எனப் படம் கூறுகின்றது. அவன் கையினின்று உயிர் தப்பிய தாகினியோ, அவனை வெறாது குழந்தையெனக் கருதி இரங்குகின்றாள். இதனைக் கண்டு தோழருள் மூவர் கொதித்தெழுந்தனர். “கொலையுண்ட பெண்களின் பெற்றோர் யாண்டுச் சென்றனர்? அவர்கள் சார்பில் மன்னிக்க இவளுக்கு உரிமை தந்தவர் யார்?” என்பது அவர்தம் வினா. ஏனை மூவரோ, “எழுபது முறை ஏழு தரம் மன்னிக்க என்று ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்த நீவிரா இவ்வாறு பேசுவது?” என மடக்கினர். இருபாலாரும் எம் முகத்தை நோக்கினர். யாம் யாதொன்றும் உரையாதிருந்தோம். எம் நினைவு எம் இல்லத்துக்குச் சென்றிருந்தது.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலை ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் நீளமுடையது. எமக்குப் பதினோராம் அகவை நிகழ்ந்தபோது, அச்சாலையில் இருசக்கர வண்டியில் வீடு திரும்பிய எம் சிறிய தந்தையார்மீது லாரியொன்று மோதிற்று. ஓட்டுநர் நிறுத்தாது சென்றார். மறுநாள் தாமே காவல் நிலையத்தில் அடைக்கலம் புகுந்தார். வழக்கு விழுப்புரத்து நீதிமன்றத்தில் நிகழ்ந்தது. தந்தையாரோடு ஒருகாற் சென்ற யாம் அவர் முகத்தைக் கண்டு மனத்திற் பொறித்துக்கொண்டோம். எம் பாட்டியார் ஒருகாலும் ஆங்குச் சென்றாரல்லர்.

ஈராண்டு கழிந்து, கிறிஸ்து பிறப்பு நாளை ஒட்டிய ஒரு மாலையில், திண்டிவனத்தில் உள்ள எம் வீட்டுத் திண்ணையிற் பாட்டியார் அமர்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தெருவில் வந்த ஒருவர் படலையருகே நின்று தண்ணீர் கேட்டார். சன்னலின் பின் நின்ற யாமும் எம் தந்தையாரும் அவர் இன்னார் என்பதை உடனே அறிந்தோம். பாட்டியார் அறியார். “வெயிலில் வந்தாயா அப்பா? உட்கார்” என்று சொல்லிச் செம்பில் நீர் கொணர்ந்து கொடுத்தார், எந்த ஊர் என்றும், பிள்ளைகள் எத்தனை என்றும் வினவினார். அவர் நீரைப் பருகாது கையிலேயே வைத்திருந்தார். அவ்விருவரும் பேசிய சில மணித்துளிகளின் நீளத்தை இன்று எண்ணினும் எம் நெஞ்சு உலர்கின்றது. தந்தையாரின் கை எம் தோளை இறுகப் பற்றியிருந்தது. வெளியே செல்லவும் அவராற் கூடவில்லை, உள்ளே நிற்கவும் கூடவில்லை.

பின்பு அவர் செம்பைக் கீழே வைத்து, பாட்டியாரின் காலில் விழுந்து, தாம் யாரென்பதைச் சொன்னார். பாட்டியார் நெடுநேரம் வாய் திறந்தாரல்லர். முறத்தில் இருந்த அரிசியையே நோக்கிக்கொண்டிருந்தார். இறுதியில், “அந்தச் சொல்லை இன்றைக்கு என்னாற் சொல்ல முடியாது அப்பா. பொய் சொல்லக் கூடாது. சாப்பிட்டுவிட்டுப் போ. அடுத்த வருஷம் வா” என்றார். அவர் உண்டு சென்றார். அடுத்த ஆண்டும் வந்தார். அதற்கடுத்த ஆண்டும் வந்தார். ஒவ்வொரு முறையும் பாட்டியார் சோறிட்டார், அச்சொல்லைச் சொன்னாரல்லர். நான்காம் முறை வந்தபோதுதான், அவர் தலையிற் கைவைத்து அதனைச் சொன்னார். எம் தந்தையாரோ இன்னும் சொல்லவில்லை. அவரைப் பாட்டியார் வற்புறுத்தியதும் இல்லை.

இதனைத் தோழர்க்கு உரைத்தபின் அறையிற் பூசல் தணிந்தது. ஆனால் வினா தணியவில்லை. எமக்குத் தோன்றுவது இது. தாகினியின் இரக்கம் பொய்யன்று. அஃது அவளுக்கு இழைக்கப்பட்ட தீங்கின்மேல் அவள் கொண்ட இரக்கம். அதற்கு அவள் உரியவள். கொலையுண்ட பிற மகளிர்க்காக மன்னிக்க அவளால் இயலாது; எம் பாட்டியாராலும் எம் தந்தையாருக்காக மன்னிக்க இயலவில்லை அன்றோ? ஆயின் திரைப்படத்துக்கு வாய்க்காத ஒன்று பாட்டியாருக்கு வாய்த்தது. அது காலம். இரண்டரை மணி நேரத்துக்குள் முடிந்தாக வேண்டிய கதையில், இரக்கம் ஒரு கணத்தில் மலர்ந்தே ஆதல் வேண்டும். வாழ்விலோ அது சோறிட்டுச் சோறிட்டு ஆண்டுக் கணக்கில் முளைப்பது.

மிஷ்கின் தம் கொலைஞனுக்கு முன்மாதிரியாகக் கொண்ட அங்குலிமாலனின் கதையும் இதனையே வலியுறுத்துகின்றது. மாந்தரைக் கொன்று அவர்தம் விரல்களை மாலையாக அணிந்த அக்கொடியோன் புத்தர்பெருமானைக் கண்டு திருந்தினான் என்பதைப் பலரும் அறிவர். அதன்பின் நிகழ்ந்ததையே பலர் மறந்துவிடுகின்றனர். துறவியாகிப் பிச்சைக்குச் சென்ற அவன்மீது மக்கள் கல்லெறிந்தனர்; குருதி ஒழுக வந்தவனைப் பொறுத்துக்கொள்ளுமாறு புத்தர் பணித்தார். மகப்பேற்றில் வருந்திய பெண்ணொருத்திக்கு அவன் வாய்மை கூறி வாழ்த்த, தாயும் சேயும் நலம் பெற்றனர் என்றும் பாலி நூல் கூறும். உயிரைப் போக்கிய வாய் உயிரைக் காக்கும் வாயாக மாறியதே அம்மன்னிப்பின் நிறைவு. எறிந்த கல்லும் உண்மை. ஈந்த அருளும் உண்மை.

மகப்பேற்றில் வருந்திய பெண் என்றதும் எம் திண்டிவனத்து வரலாறு ஒன்று நினைவுக்கு வருகின்றது. 1890-களில் ஓர் இரவு, ஆர்க்காட்டு மிஷன் மருத்துவராகிய ஜான் ஸ்கடரின் இல்லக் கதவு மும்முறை தட்டப்பட்டது. வந்த கணவர் மூவரும் தத்தம் மனைவியரின் பேறுகாலத் துன்பத்துக்குப் பெண்ணொருத்தியின் உதவியை வேண்டினர். ஆண் மருத்துவரை அவர்கள் ஏலார். மருத்துவர் மகளாகிய ஐடா ஸ்கடரோ அப்போது மருத்துவம் பயிலாத இளநங்கை. விடியுமுன் அப்பெண்டிர் மூவரும் இறந்தனர். அவ்விரவின் அச்சம் ஐடாவை அமெரிக்காவுக்கு அனுப்பி மருத்துவம் பயிலச் செய்தது. 1900-ஆம் ஆண்டில் வேலூரில் மருத்துவப் பணியைத் தொடங்கச் செய்தது. 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியொன்றை நிறுவச் செய்தது.

அச்சம் தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. திரையரங்கிற் பிறந்து திரையரங்கிலேயே மடிவதாயின் அது வெறும் பொழுதுபோக்கு. பிறனுக்காக நடுங்கக் கற்ற நெஞ்சு, படம் முடிந்து எழுந்தபின்னும் அந்நடுக்கத்தைச் சிறிது தன்னோடு கொண்டு செல்லுமாயின், அந்நடுக்கம் அருளாதல் கூடும். ஹிட்ச்காக்கின் மேசையைச் சுற்றி அமர்ந்தோர் குண்டிருப்பதை அறியார். அறிந்த நமக்கு ஆங்கு எழுந்து சென்று அவரை எச்சரிக்க வழியில்லை. திரைக்கு வெளியே அவ்வழி உண்டு. அதனை நன்கு பயன்படுத்துதலே கற்றார் கடன் என்க.