சேம அச்சு

தம்பியின் வண்டியில் முன்னிருக்கையில் அமர்ந்து, காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை சென்ற ஒரு விடியற்காலையில், "என்னடா இது, கட்டுமரத்தில் போவதுபோல் இருக்கிறதே!" என்று சொல்லிச் சிரித்தோம். அவனும் சிரித்தான். ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி ஒருமுறை இறங்கி, பிறகு மூன்று நான்கு முறை தானாகவே ஏறி இறங்கி அடங்கியது. ஒருபக்கம் கடல், மறுபக்கம் வரிசைகட்டி நின்ற கண்டெய்னர் லாரிகள். அலைக்கும் வண்டிக்கும் ஒரே தாளம் என்று அன்று மாலை நண்பர் ஒருவரிடம் வேறு சொல்லிவைத்தோம். தமிழ் முதுகலை படித்தவரிடம் ஒரு பழுதைக் காட்டினால் அவர் அதற்கு உவமை தேடுவார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுவோம். 2017ல் வாங்கிய மாருதி சூப்பர் கேரி. 793 சிசி, இரட்டைச் சிலிண்டர் டீசல். அந்த டீசல் வகையை நிறுவனம் 2020லேயே நிறுத்திவிட்டது. ராயபுரத்தில் இந்த அளவுள்ள வண்டி எதுவானாலும் பெயர் 'குட்டியானை'தான். 2005ல் வந்த டாடா ஏஸுக்கு ஒட்டிய பெயர், பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டது. தம்பியின் தொழில் மீன். விடியுமுன் காசிமேட்டில் ஏற்றி, திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இறக்க வேண்டும். ஐஸ் உருக உருக மீன்நீர் வண்டியின் அடிப்பகுதியெங்கும் ஒழுகும். மேலே கடற்காற்று, கீழே உப்புநீர். போதாக்குறைக்குச் சாலை! 2016ல் மெட்ரோ பணி தொடங்கியதிலிருந்து 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை ரயில் ஓடத் தொடங்கும்வரை திருவொற்றியூர் நெடுஞ்சாலை இருந்த கோலத்தை அவ்வழி சென்றவர் அறிவர். அந்த ஆண்டுகள் முழுவதையும் இந்த வண்டி தன் முன்கால்களில் வாங்கிக்கொண்டது.

பதினெட்டு மாதத்தில் இரண்டு முறை முன் டயர்களை மாற்றினான். இரண்டாம் முறை பணம் நம்முடையது, எட்டாயிரத்துச் சொச்சம். கழற்றிய டயரைக் கையால் தடவிப் பார்த்தோம். தேய்வு ஒரே சீராக இல்லை. மேடும் பள்ளமுமாக, மணலில் காற்று வரைந்த வரிகள்போல இருந்தது (மன்னிக்க, மறுபடியும் உவமை). டயர் கடைக்காரர் அலைன்மென்ட் போய்விட்டது என்றார்; பணம் வாங்கிக்கொண்டு சரிசெய்தும் கொடுத்தார். வண்டியின் அடியில் யாரும் குனிந்து பார்க்கவில்லை. நாமும்தான்.

பிறகு ஒரு மழைக்கால விடியலில், எண்ணூர் விரைவுச் சாலையில், முன்னால் சென்ற கண்டெய்னர் லாரி சட்டென்று நின்றது. தம்பி பிரேக்கை மிதித்தான். வண்டியின் மூக்கு தரையை முகர்வதுபோல் குத்தி இறங்கியது. சக்கரங்கள் சாலையைப் பற்றுவதும் விடுவதுமாகத் துள்ளின. வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய், லாரியின் பின்கம்பிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. இந்த வகை வண்டியில் ஓட்டுநருக்கு முன்னால் எஞ்சின் கிடையாது. ஒரு தகடு, ஒரு கண்ணாடி, அடுத்து முழங்கால்.

இதை அவன் நம்மிடம் சொன்னது பதினைந்து நாள் கழித்து, அதுவும் அம்மா வீட்டில் இல்லாத நேரம் பார்த்து. "நாலஞ்சு மாசமாவே அப்படித்தாண்ணா ஆடுது. பழகிப்போச்சு" என்றான். கட்டுமரம் என்று சிரித்தது எந்த மாதம் என்று எண்ணிப் பார்த்தோம். ஜூலை.

அன்றே வண்டியின் முன்மூலையில் இரு கைகளையும் ஊன்றி அழுத்தி விட்டோம். ஒருமுறை எழும்பி நிற்க வேண்டியது, எழும்பி, தாழ்ந்து, மறுபடி எழும்பியது. குனிந்து டார்ச் அடித்தால், சக்கரத்துக்கு உட்புறம் நிற்கும் தூணில் மேலிருந்து கீழாகக் கறுத்த எண்ணெய்ப் படிவு. அதன்மேல் அப்பிய புழுதி.

அந்தத் தூணுக்குப் பெயர் ஸ்ட்ரட். பட்டறையில் 'முன் ஷாக்' என்றாலே போதும். ஏர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களில் வகுத்த அமைப்பு. 1950ல் இங்கிலாந்தின் ஃபோர்டு கான்சல் காரில் வந்து, பிறகு உலகின் சிறு கார்களில் பெரும்பாலானவற்றில் குடியேறிவிட்டது. எண்ணெய் நிறைந்த குழாய் ஒன்று. அதனுள் ஏறி இறங்கும் தண்டு. தண்டின் முனையில் நுண்துளைகள் கொண்ட பிஸ்டன். வெளியே ஒரு சுருள்வில். சுமையைத் தாங்குவது வில்; வில்லின் துள்ளலை அடக்குவது எண்ணெய். நுண்துளை வழியே எண்ணெய் நெருக்கிப் புகும்போது துள்ளலின் ஆற்றல் வெப்பமாகிக் கழிந்துவிடுகிறது. தண்டின் வழவழப்பான மேற்பூச்சை உப்பு அரித்துவிட்டால், அந்தச் சொரசொரப்பு மேலே உள்ள ரப்பர் சீலை அறுக்கும், எண்ணெய் கசியும், மிச்சமிருப்பது வில் மட்டும். இன்னொன்றும் உண்டு. இந்த அமைப்பில் சக்கரத்தை நிமிர்த்திப் பிடித்திருப்பதும் இதே தூண்தான். ஆகவே இது தளர்ந்தால் வண்டி துள்ளுவதோடு நிற்காது, ஸ்டியரிங்கும் அலையும்.

முதலில் போன பட்டறையின் பெயர் வேண்டாம். அங்கே தினமும் ஏஸ் வண்டிகள் வரும். ஏஸுக்கு முன்னாலும் பட்டை வில்தான், நம் மாட்டுவண்டியின் நேரடி வாரிசு. அதைக் கழற்றுவதில் அவர்கள் கைதேர்ந்தவர்கள். ஸ்ட்ரட்டையும் கழற்றித் தரையில் கிடத்தினார்கள். பதினேழு வயதிருக்கும் ஒரு பையன் சுருள்வில்லை நைலான் கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டு, தண்டின் உச்சியிலுள்ள நட்டில் ஸ்பானரை வைத்தான். முகம் அதற்கு நேர்மேலே. அந்த வில் அமுக்கப்பட்ட நிலையிலேயே உள்ளே பூட்டப்பட்டிருக்கிறது. அதை நெருக்கிப் பிடிக்கத் திருகு வைத்த இரும்புக் கவ்வி வேண்டும். கவ்வியில்லாமல் நட்டை விட்டால் மேல்மூடி அம்புபோல் பாயும். முந்திய இரவுதான் இதைப் படித்திருந்தோம். "தம்பி, நிறுத்து!" என்று வகுப்பறைக் குரலில் கத்தியதில் தெருவே திரும்பிப் பார்த்தது. பட்டறைக்காரருக்குக் கோபம். "சார், நீங்க பாடம் நடத்துற இடத்துல நான் வந்து பேசினேனா?" என்றார். நியாயமான கேள்வி. ஆனாலும் கழற்றியதை அப்படியே பூட்டச் சொல்லி, அதற்கும் கூலி கொடுத்து, வெளியேறினோம். பையன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

திருவொற்றியூரில் பார்த்த மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். அவரிடம் கவ்வி இருந்தது. வில்லின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டையும் மாட்டி, இதில் நான்கு சுற்று, அதில் நான்கு சுற்று என்று மாறி மாறித் திருகினார். வில் தன் இருக்கையில் ஆடத் தொடங்கிய பிறகே உச்சி நட்டைத் தொட்டார்.

அதற்கு முன் ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது. எண்ணெய் கசிந்தது வலப்பக்கம் மட்டுமே, ஆகவே ஒன்றை மாற்றினால் போதும் என்பது தம்பி கட்சி. அதையும் புதுப்பேட்டையில் பழையதாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றான். புதுப்பேட்டையை நாம் குறை சொல்ல மாட்டோம். கதவும் விளக்கும் கண்ணாடியும் அங்கே வாங்கிப் பிழைத்த வண்டிகள் இவ்வூரில் ஏராளம். ஆனால் கதவின் வயது கண்ணுக்குத் தெரியும். மூடிய குழாய்க்குள் இருக்கும் எண்ணெயின் வயது தெரியாது. மேஸ்திரி ஒன்றும் பேசாமல் கழற்றிய வலப்பக்கத்து ஸ்ட்ரட்டை நிமிர்த்தி, தண்டைத் தம்பியிடம் காட்டி, "அமுக்குப்பா" என்றார். மருத்துவர் ஊசிபோல் வழுக்கி உள்ளே போனது, போனது திரும்பவில்லை. கசியாத இடப்பக்கம் கொஞ்சம் முரண்டு பிடித்தது, பாதியில் தளர்ந்தது. புதியதை அமுக்கத் தம்பி உடல் எடை முழுவதையும் போட வேண்டியிருந்தது. கையை எடுத்ததும் அது மெல்லத் தானாக எழுந்தது. அதற்குமேல் அவன் வாதாடவில்லை.

இரண்டு ஸ்ட்ரட், மேல்முனை ரப்பர் தாங்கிகள், தூசி உறை என எல்லாம் சேர்த்தும் அந்த ஒரு ஜோடி டயரின் விலையை எட்டவில்லை. கீழ் போல்ட்டுகள் துருவேறி இறுகியிருந்ததால் வேலை மதியம் வரை நீண்டது. மாலையில் அலைன்மென்ட். இம்முறை அதற்குப் பொருள் இருந்தது.

காத்திருந்த நேரத்தில் புறநானூற்றின் 102ஆம் பாடல் நினைவுக்கு வந்தது. ஔவையார் பாடியது. உப்பு வணிகரான உமணர், வழியில் என்ன நேருமோ என்று வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வார்களாம். 'சேம அச்சு' என்பது அதன் பெயர். இருபது ஆண்டுகளாக வகுப்பில் இச்சொல்லுக்குப் பொருள் சொல்லி வருகிறோம். தேர்விலும் இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்டிருக்கிறோம். உப்பளங்கள் இருந்த எண்ணூருக்கு நாள்தோறும் போய்வரும் தம்பியின் வண்டிக்கு அடியில் ஒருமுறைகூடக் குனிந்து பார்த்ததில்லை.

மறுநாள் விடியலில் மறுபடி முன்னிருக்கை. பள்ளங்கள் அதே இடத்தில் இருந்தன. வண்டி ஒருமுறை இறங்கியது, ஒருமுறை எழுந்தது, அவ்வளவுதான். தம்பி ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையைத் தோளின்மேல் வைத்து அழுத்திவிட்டுக்கொண்டான். அவனுக்குத் தோள்வலி இருந்ததையே அப்போதுதான் அறிந்தோம். "எவ்வளவு நாளாடா?" என்று கேட்டோம்.

"அதுவும் ஜூலையிலேருந்துதாண்ணா" என்றான்.