பாலையில் ஒரு முற்றம்

நம் முன்னோர் வகுத்த ஐந்திணையுள் பாலைக்குரிய ஒழுக்கம் பிரிவு. அதனை மாணவர்க்குப் பல்லாண்டு கற்பித்த நாம், மெய்யான பாலை நிலத்தைக் கண்ணாற் கண்டது சென்ற ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையிலேதான். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டூசன் நகரில் எம் தம்பி புதுவீடு வாங்கிக் குடிபுகுந்திருந்தார். எம் அன்னையாரும் அவருடனேயே வாழ்கின்றார்.

வீட்டின் முன்புறம் புல் இல்லை, பூம்பாத்தி இல்லை. செந்நிறப் பருக்கைக்கற்கள் பரப்பிய நிலத்திற் கள்ளிகளும் முட்செடிகளும் இடைவிட்டு நின்றன. ஐம்பது ஆண்டுகள் விடியற்காலையில் மணல் முற்றம் கூட்டிய அன்னையாருக்கு அது பொறுக்கவில்லை.

"இதென்ன மோனை, முத்தமோ கல்லுக்கிடங்கோ? கூட்ட ஒரு சருகும் இல்லை" என்று எம்மிடம் முறையிட்டார். தம்பி ஆசையோடு நட்ட வாழையும் வெயிலிற் கருகிப் போயிற்றாம்.

அந்நகரில் ஓராண்டிற் பெய்யும் மழை ஏறத்தாழ 11 அங்குலம். யாழ்ப்பாணத்து மழையிற் கால்பங்களவே. கொலராடோ ஆற்று நீரை 336 மைல் நீளக் கால்வாய் வழியே கொணர்கின்றனர். அதனைப் புற்றரைக்கு ஊற்ற மனம் வருமோ? ஆதலின் அம்மண்ணுக்குரிய மரஞ்செடிகளையே வீட்டுக்கு அணியாக்கியுள்ளனர்.

நம் வன்னி மரத்துக்கு உறவான மெஸ்கீற் அங்கே நிழல் தருகின்றது. பாலோ வெர்டே என்னும் மரம் வறட்சியில் இலைகளை உதிர்த்துவிட்டுப் பச்சைப் பட்டையினாலேயே உணவு ஆக்கிக்கொள்கின்றது. முற்றத்தின் தலைவன் சவாரோ என்னும் நெடுங்கள்ளி. முதல் எட்டாண்டுகளில் அது வளர்வது ஒன்றரை அங்குலமே. கிளை விடுவதற்கு 50 முதல் 70 ஆண்டுகள் செல்லும். மழை பெய்ததும் அதன் உடலிலுள்ள மடிப்புகள் விரிந்து நீரைச் சேமிக்கும். ஹீலா மரங்கொத்தி அதனைத் துளைத்துக் கூடு அமைக்க, கள்ளி அப்புண்ணைச் சுற்றி வன்தோல் வளர்த்துக்கொள்ளும். மரங்கொத்தி நீங்கிய பின் சிட்டுக்குருவி அளவேயான சிற்றாந்தை அங்கே குடிபுகும். தன் புண்ணையே பிறர்க்கு வீடாக்கும் பெருந்தகைமை!

நாம் சென்ற மூன்றாம் நாள், அன்னையார் மெஸ்கீற் நிழலில் மண்சட்டியொன்றில் நீர் வைத்தார். மறுநாள் விடியலில் ஒரு காடைக் குடும்பம் வந்தது. நெற்றியிலே கருங்கொண்டை முன்சாய்ந்து ஆட, தாய் தந்தை இடையே குஞ்சுகள் வரிசையாய் ஓடிவந்தன.

"எண்ணு மோனை, ஏழோ எட்டோ?"

எட்டு. நாள்தோறும் எண்ணுவது அவருக்கு வழக்கமாயிற்று. ஒருநாட் காலை ஏழே வந்தன. அன்று அன்னையார் எவருடனும் பேசவில்லை, தேநீரும் ஆறிப்போயிற்று. பிள்ளைகள் மூவரை மூன்று நாடுகளுக்கு அனுப்பிய தாய் அவர்.

அடுத்த வாரம் ஒரு மாலை இடியுடன் மழை கொட்டிற்று. கூரைநீர் முழுவதும் மரங்களின் அடியில் வெட்டிய ஆழமற்ற பள்ளங்களிற் சென்று தேங்கிற்று.

"ஒரு துளியும் தெருவுக்குப் போகாது, அண்ணா" என்றார் தம்பி.

"ஊரிலையும் எங்கட முத்தத்துத் தண்ணி கிணத்துக்குத்தானே போகுது" என்றார் அன்னையார்.

நாம் தலைகுனிந்தோம். ஊரிலுள்ள எம் வீட்டு முற்றம் முழுவதும் சீமெந்துக்கல் பதிக்க முன்பணம் கொடுத்துவிட்டே விமானம் ஏறியிருந்தோம். சுண்ணக்கல்லின் மேல் வாழும் நமக்கு, மண்ணில் ஊறும் மழையன்றி வேறு கிணற்றுநீரேது? கடலண்டிய கிணறுகள் உவராவதை அறிந்தும் மழையைத் தெருவுக்கு அனுப்பத் துணிந்தோமே! அன்றிரவே மேசனாரைத் தொலைபேசியில் அழைத்து வேலையை நிறுத்தினோம். முன்பணம் மீளவில்லை.

எம் முற்றம் இன்றும் மணலாகவே கிடக்கின்றது. வேம்பின் கீழ் ஒரு சட்டியில் நீரும் உண்டு. ஞாயிறுதோறும் டூசனிலிருந்து பேசும் அன்னையாரின் முதற்கேள்வி எம் சுகத்தைப் பற்றியதன்று.

"இண்டைக்கு எத்தினை புலுனி வந்தது, மோனை?"