ஒரே பட்டம், தொண்ணூறு வாசல்கள்

தில்லி மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் விஸ்வவித்யாலயா நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் பேட்டரி ரிக்‌ஷாக்காரர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். காய்கறி விற்பதைப் போலக் கல்லூரிப் பெயர்களைக் கூவுகிறார்கள்: ராம்ஜஸ், ஹிந்து, கிரோரிமல், ஹன்ஸ்ராஜ். சேர்க்கைக் காலத்தில் இந்த வண்டிகளில் மாணவர்களைவிட அப்பாக்கள் அதிகம். எல்லாம் கம்ப்யூட்டர் வழியே நடந்தாலும், பணம் கட்டுமுன் இடத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடவேண்டும் என்ற கவலை போகவில்லை.

பார்க்கவேண்டியதுதான். 1922இல் தொடங்கிய தில்லிப் பல்கலைக்கழகத்தின் கீழ் இன்று சுமார் 90 கல்லூரிகள் இருக்கின்றன. செயின்ட் ஸ்டீபன்ஸ் (1881), ஹிந்து (1899), ராம்ஜஸ் (1917) ஆகிய மூன்றும் பல்கலைக்கழகத்துக்கே மூத்தவை. ஆனால் எங்கே படித்தாலும் ஒரு பாடத்துக்குப் பாடத்திட்டம் ஒன்று, பருவத் தேர்வின் கேள்வித்தாள் ஒன்று, பட்டம் தருவதும் பல்கலைக்கழகமே. அப்படியானால் மாணவர் தேர்ந்தெடுப்பது எதை? ஒரு தெருவை, ஒரு அறையை, மூன்று நான்கு வருடச் சகவாசத்தை.

வடக்கு வளாகத்தில் அந்தச் சகவாசத்துக்குக் குறைவில்லை. செயின்ட் ஸ்டீபன்ஸும் ஹிந்துவும் சாலையின் இருபுறமும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. வால்டர் ஜார்ஜ் வடிவமைத்த கட்டடத்துக்கு ஸ்டீபன்ஸ் 1941இல் காஷ்மீரி கேட்டிலிருந்து குடிவந்தது. 1948இல் தொடங்கிய மிராண்டா ஹவுஸின் சிவப்புச் செங்கல் கட்டடமும் அவர் கைவண்ணமே. துணைவேந்தர் அலுவலகம் இருப்பது பழைய வைஸ்ராய் மாளிகையில். மவுண்ட்பேட்டன் 1922இல் எட்வினாவிடம் திருமணப் பேச்சை எடுத்தது இங்கேதான். பக்கத்திலேயே குரங்குகள் ஆளும் ரிட்ஜ் காடு. ஒரு கல்லூரி மாணவர் இன்னொரு கல்லூரியின் விவாதப் போட்டிக்கு நடந்தே போய்விடலாம்.

ஆனால் விண்ணப்பத்தில் ‘தில்லிப் பல்கலைக்கழகம்’ என்ற பெயரை மட்டும் பார்ப்பவர்களுக்கு ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது. அதிதி மகாவித்யாலயா இருப்பது நகரின் வடமேற்கு ஓரத்தில், பவானாவில். பகினி நிவேதிதா கல்லூரியோ நஜஃப்கர் பக்கம் கைர் கிராமத்தில். கமலா நகரில் அறை எடுத்துத் தங்கி அங்கே தினமும் போய்வர நினைப்பவர் பாதி நாளை பஸ்ஸில் கழிப்பார். அதே கல்லூரி, அந்தப் பகுதிக் கிராமங்களின் பெண்களுக்குப் பட்டப்படிப்பை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்திருக்கிறது. ‘நல்ல கல்லூரி’ என்ற பட்டியல்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை.

ஒரு காலத்தில் கட்-ஆஃப் மதிப்பெண்ணே எல்லாவற்றையும் தீர்மானித்தது. 2011இல் ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி, பள்ளியில் வணிகவியல் படிக்காதவர்களுக்கு 100 சதவீதம் என்று அறிவித்து நாட்டையே வாய்பிளக்க வைத்தது. 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு. தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். கண்டம் அதற்குப் பிறகுதான். பாடத்தையும் கல்லூரியையும் சேர்த்துச் சேர்த்து விருப்பப் பட்டியல் தரவேண்டும். அந்த வரிசைப்படியே கம்ப்யூட்டர் இடம் ஒதுக்கும். கெடுவுக்குள் ஏற்காவிட்டால் அடுத்த சுற்றுகளிலும் இடமில்லை. ஏற்றபின் மேல் விருப்பத்துக்குக் காத்திருக்கலாம். அது கிடைத்தால் பழைய இடம் தானாகவே ரத்தாகும். பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான் என்று மேலே எழுதிய பெயர், வேண்டியது கைக்கு வந்தபின் அதைப் பறித்துக்கொண்டு போகக்கூடும்.

வரிசையில் முன்னே வரவேண்டியது பாடமா, கல்லூரியா? பெரிய பெயருக்காகப் பிடிக்காத பாடத்தில் சேர்ந்து, தூங்கி வழிபவர்கள் எல்லா வளாகங்களிலும் உண்டு. கேள்வித்தாள் ஒன்றாக இருக்கும் ஊரில் பாடத்தை முதலில் வைப்பதே புத்திசாலித்தனம். பெயருக்கு மதிப்பே இல்லை என்று சொல்வதற்கில்லை. வேலை கொடுக்க வரும் கம்பெனிகள் சில வாசல்களையே முதலில் தட்டுகின்றன.

பிறகு, தலைக்கு மேல் கூரை. விடுதி உள்ள கல்லூரிகள் சிறுபான்மை, அங்கும் இடங்கள் சொற்பம். மற்றவர்களுக்கு விஜய் நகர், ஹட்சன் லேன், கமலா நகர் ‘பேயிங் கெஸ்ட்’ அறைகள். கல்லூரியின் வருடக் கட்டணத்தைச் சில மாத வாடகையே தாண்டிவிடும் என்பதை வீட்டில் முன்கூட்டியே கணக்குப் போடுவது நல்லது. பெண்கள் விடுதிகளின் கதவடைப்பு நேரத்தை எதிர்த்து 2015இல் ‘பிஞ்ச்ரா தோட்’ இயக்கம் கிளம்பியது இங்கேதான். எத்தனை மணிக்குக் கதவு மூடும் என்பதையும் விசாரித்துவிட வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் நவம்பர் புகையை நினைத்துப் பார்க்கவேண்டும். தெற்கிலிருந்து வருபவர்களைச் சோளே பட்டூரா ஒரு வாரம் மயக்கும். பிறகு சாம்பாருக்கு மனசு ஏங்கும்.

முழுநேரம் படிக்க வசதியில்லாதவர்களுக்கும் வழி உண்டு. மாலைக் கல்லூரிகள் இருக்கின்றன. தில்லியில் வசிக்கும் பெண்களுக்கு வார இறுதி வகுப்புகள் உண்டு. தபால்வழிக் கல்வியாக 1962இல் பிறந்த திறந்தநிலைக் கல்விப் பள்ளியும் இருக்கிறது.

இவர்கள் எல்லோரும் தேர்வுக்கு முந்தைய வாரம் கூடும் இடம், படேல் செஸ்ட் பகுதியின் ஜெராக்ஸ் கடைகள். பழைய கேள்வித்தாள்களும் குறிப்புகளும் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும். கடைக்காரர் கேட்பது பாடத்தையும் பருவத்தையும்தான். எந்தக் கல்லூரி என்று கேட்பதில்லை.