சுமையைப் பகிர்தல்

வரவறிந்து செலவு செய்ய வேண்டும் என்பது நம் இல்லங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் அறிவுரை. பணத்திற்குச் சொல்லப்பட்ட அந்நெறி இணையத்திற்கும் பொருந்தும் என்பதை 2018ஆம் ஆண்டில் எங்கள் அலுவலகத்தில் கண்டேன்.

வரிக் கணக்குகளைக் கவனிக்கும் சிறிய அலுவலகம் அது. பன்னிரண்டு பேர் பணிபுரிந்தோம். எங்களுக்கு மூன்று இணைய இணைப்புகள் இருந்தன. மாதமொன்றுக்கு முதலாவதற்கு 300 ஜி.பி., இரண்டாவதற்கு 200, மூன்றாவதற்கு 100 என அளவு வரையறுக்கப்பட்டிருந்தது. அளவு தீர்ந்தால் இணைப்பு அறுபடாது. அதன் வேகம் மட்டும் மிகவும் தாழ்ந்துவிடும். மூன்றையும் இணைத்த ரௌட்டர், வரும் வேலைகளை முறை வைத்துச் சமமாகப் பங்கிட்டு வந்தது.

ஜி.எஸ்.டி. கணக்குப் படிவத்தை அப்போது மாதந்தோறும் 20ஆம் தேதிக்குள் அளித்தாக வேண்டியிருந்தது. தவறினால், வரி செலுத்த வேண்டியவருக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணமும், நிலுவை வரிக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டியும் சேரும் என்ற நிலை அன்று இருந்தது. எங்கள் இணையமோ மாத நடுவிலேயே தள்ளாடத் தொடங்கியது. "யாரோ திரைப்படம் பார்க்கிறார்கள்" என்ற பேச்சு எழுந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த ஓர் இளம்பெண்ணின்மீது பலருடைய பார்வையும் திரும்பியது. தந்தையை இழந்த குடும்பத்தைத் தம் சம்பளத்தால் தாங்கி வந்தவர் அவர். வேலை போய்விடுமோ என்று அஞ்சி, நண்பகல் உணவையும் தனியே உண்ணத் தொடங்கினார். உண்மையைக் கண்டறியும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஒவ்வொரு கணினியின் செலவும் ரௌட்டரில் பதிவாகியிருந்தது. அப்பெண்ணின் கணினி செலவிட்டது மிகச் சொற்பம். பெரும்பகுதியை விழுங்கியவை இரண்டு: கண்காணிப்புக் காமிராக்கள் இரவும் பகலும் வெளிச் சேமிப்பகத்திற்கு அனுப்பிய படங்கள், பன்னிரண்டு கணினிகளும் தனித்தனியே இறக்கிக்கொண்ட மென்பொருள் புதுப்பிப்புகள்.

பங்கீட்டிலும் குறை இருந்தது. சமமாகப் பகிர்ந்ததால் 100 ஜி.பி. இணைப்பே முதலில் தீர்ந்தது. இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று மட்டுமே ரௌட்டர் சோதித்தது. சுமக்கும் வலிமை உண்டா என்று பார்க்கவில்லை. ஆகவே தளர்ந்துபோன அதன்மீதே மூன்றில் ஒரு பங்கு வேலையைத் தொடர்ந்து ஏற்றியது.

பெரிய இணைப்புகள் இரண்டிற்கும் 3:2 என்ற விகிதத்தில் வேலையைப் பிரித்தோம். மாதத்திற்கு 500 ஜி.பி.; 25 வேலை நாள்களுக்கு நாளொன்றுக்கு 20 ஜி.பி. என்று கணக்கு வைத்தோம். மூன்றாவதை நெருக்கடிக்கென ஒதுக்கினோம். காமிராப் படங்களை அலுவலகத்திலேயே சேமித்தோம். புதுப்பிப்புகளை ஒரு கணினி இறக்கி மற்றவற்றிற்கு வழங்கும்படி செய்தோம். வங்கி, வரித்துறைத் தளங்களுக்கு ஒரே இணைப்பை நிலையாக வைத்தோம். இடையில் இணைப்பு மாறினால் முகவரியும் மாறும், சில தளங்கள் ஐயுற்று நம்மை வெளியேற்றிவிடும். ரௌட்டர் பிரிப்பது வேலைகளின் எண்ணிக்கையையே, அவற்றின் பருமனையன்று. ஆதலால் வாரந்தோறும் செலவைப் பார்த்து விகிதத்தைத் திருத்திக்கொண்டோம்.

அம்மாதம் 20ஆம் தேதிக்கு முன்பே படிவங்கள் அனைத்தும் சென்று சேர்ந்தன. அதனினும் பெரிதாக நான் கருதுவது வேறொன்று. தலைமைக் கணக்கர் அனைவர் முன்னிலையிலும் அப்பெண்ணிடம், "அம்மா, உன்னை ஐயுற்றது எங்கள் தவறு, மனத்தில் வைத்துக்கொள்ளாதே" என்றார். அவர் கண்கலங்கித் தலையசைத்தார்.

குடும்பங்களிலும் இப்படித்தான் நேர்கிறது. சமமாகப் பகிர்வதே நீதி என்று எண்ணி, வலியவருக்கும் எளியவருக்கும் ஒரே சுமையை ஏற்றுகின்றோம். முறையிடாமல் நடமாடுகின்ற தாயையோ மூத்த மகளையோ கண்டு, எல்லாம் நலமே என்று இருந்துவிடுகின்றோம். அவர்களால் இன்னும் எவ்வளவு இயலும் என்று வாரத்திற்கொருமுறையேனும் கேட்டறிவது நம் கடமை. குறை காணும்போதும், ஒருவரைச் சுட்டுமுன் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது.