சித்திரையில் குற்றாலம்

குற்றாலத்தில் எனக்கு ஒரு வீடு இருக்கிறது என்று சொன்னால், கேட்கிறவர் முகத்தில் லேசாகப் பொறாமை தெரியும். "உங்களுக்கென்ன ஸார், நினைத்தால் அருவி!" என்பார்கள். வீட்டுக்குப் பின்னால் பத்து சென்டில் ஒரு தோட்டம் இருக்கிறது, தோட்டம் நிறையக் கோரை இருக்கிறது என்பதை நான் அவர்களிடம் சொல்வதில்லை.

அம்மா இருந்தவரை எனக்கே அது தெரியாது. அப்பா காலமான பிறகு அவள் தனியாகத்தான் அங்கே இருந்தாள். வருஷா வருஷம் ஆனி பிறந்து சாரல் விழுந்ததும் நாங்கள் போவோம். பேரருவியிலும் ஐந்தருவியிலும் தலையைக் கொடுத்துவிட்டு, பதினைந்து நாள் அவள் கையால் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். பிச்சியும் கனகாம்பரமும் கத்தரியுமாகத் தோட்டம் துடைத்து வைத்தாற்போல் இருக்கும். தோட்டம் என்றால் தானாகவே அப்படி இருக்கும் என்றல்லவா நினைத்திருந்தேன்!

அவள் போன மறு வருஷம் ஆனியில் பின்கதவைத் திறந்தேன். பிச்சிக் கொடியைக் காணவில்லை. அது நின்ற இடம் முழுவதும் கோரை.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். ஈர மண், இழுத்த இழுப்புக்கு வந்தது. ஒரே நாளில் பாதித் தோட்டத்தைச் சுத்தம் செய்துவிட்டு, எனக்குள் ஒரு விவசாயி ஒளிந்திருந்ததாகப் பெருமைப்பட்டேன். பத்தாம் நாள், பறித்த இடத்தில் முன்னைவிட நெருக்கமாகப் பச்சை தலைகாட்டியது. கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு வாங்கி வந்து மூடிக் கல்லை வைத்தேன். கோரையின் முனை ஊசி. விரிப்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து, 'சௌக்கியமா?' என்று கேட்பதுபோல் நின்றது.

தோற்றவன் புத்தகத்தைத் தேடுவது வழக்கம். உலகத்தின் மிக மோசமான களைகளைப் பற்றி லெராய் ஹோம் என்ற அமெரிக்கரும் அவருடைய கூட்டாளிகளும் 1977-இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார்கள். அதில் முதல் ஸ்தானம் யாருக்கு என்கிறீர்கள்? நம் கோரைக்குத்தான். மேலே தெரிவது வெறும் இலை. ஆள் கீழே இருக்கிறான். மெல்லிய வேரில் மணி கோத்தாற்போல் கிழங்குகள் தொடர்ந்து போகின்றன. நுனிக் கிழங்கு உயிரோடிருக்கும் வரை மற்றவை பெரும்பாலும் உறங்குகின்றன. நாம் இழுக்கும்போது சரம் அறுந்துபோகிறது; உறங்கினவையெல்லாம் விழித்துக்கொள்கின்றன. நான் களை எடுக்கவில்லை, திருப்பள்ளியெழுச்சி பாடியிருக்கிறேன்!

மருந்து அடிக்கலாம் என்றார்கள். சாரலில் அடித்தால் மழை கழுவிவிடும். கழுவின தண்ணீர் எங்கள் வீட்டு வாய்க்கால் வழியே சிற்றாற்றுக்குப் போகும். சிற்றாறு தென்காசிப் பக்கமாக ஓடிச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேருகிறது. என் பிச்சிக்காக இத்தனை ஊர்த் தண்ணீரில் கை வைக்க மனம் வரவில்லை.

அம்மாவிடம் வேலை பார்த்த பெரியவர் ஒருநாள் வந்தார். நான் குனிந்து பறிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாரலில பறிச்சா அதுக்கு உரம் வச்ச மாதிரில்லா ஐயா. ஆச்சி சித்திரையிலதான் கொத்தச் சொல்லுவாவ. நல்ல வெயிலு வேணும்."

"சித்திரையிலா?"

"ஆமா. அரை அடிக்குக் கொத்திப் புரட்டிப் போட்டுட்டு, கிழங்கு கிழங்காப் பொறுக்குவாவ. நான் கொத்த, அவ்வொ பொறுக்க. ஐயா அப்போ வந்ததில்லையே."

வந்ததில்லைதான். "சித்திரையில் ஒரு நடை வந்துவிட்டுப் போயேன்" என்று அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். "அருவியில் தண்ணீர்கூட இருக்காதே அம்மா, அங்கே வந்து என்ன செய்ய?" என்று நானும் ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த சித்திரையில் போனேன். அருவி இருந்த இடத்தில் பாறை காய்ந்துகொண்டிருந்தது. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் இல்லை. பழக்கடைகள் பாதி மூடிக் கிடந்தன. பெரியவர் கொத்தினார், நான் பொறுக்கினேன். மூன்றாம் நாள் இடுப்பு நிமிரவில்லை. எழுபது வயதில் அம்மா இதை எப்படிச் செய்தாள் என்று கேட்கவில்லை. கேட்டால் அவர் சொல்லிவிடுவாரே என்று பயமாக இருந்தது. விட்டுப்போன கிழங்கு வெயிலில் வற்றட்டும் என்று வாரம் ஒரு முறை மண்ணைப் புரட்டிப் போட்டோம். சாரலுக்கு முன்னால் தட்டாம்பயறு நெருக்கமாக விதைத்தோம். கோரைக்கு நிழல் ஆகாது.

பொறுக்கின கிழங்கைக் கொட்டிவிடப் போனேன். பெரியவர் ஓலைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"எறிஞ்சிராதிய. காயப்போட்டு இடிச்சு ஆச்சி குளியல் பொடியில சேப்பாவ. பிள்ளையளுக்குன்னு டப்பாவில அடைச்சு அனுப்புவாவளே?"

வருஷந்தோறும் எங்களுக்கு அந்த டப்பா வந்துகொண்டுதான் இருந்தது. நாட்டு மருந்துக் கடையில் வாங்கி அனுப்புகிறாள் என்று நினைத்திருந்தேன். ஒரு கிழங்கை நசுக்கி மோந்து பார்த்தேன். அதே வாசனை.

கோரை முழுக்கப் போய்விடவில்லை. வேலி ஓரத்தில் இன்னும் வருகிறது. புதிதாக வைத்த பிச்சி ஜன்னல் வரைக்கும் ஏறியிருக்கிறது. இந்தச் சித்திரைக்கும் டிக்கெட் வாங்கியாகிவிட்டது.