ஏழு கிலோ

மளிகைக் கடை மின்தராசில் ஒரு தோள்பை உட்கார்ந்திருக்கிறது. ஏழு கிலோ நூற்றைம்பது என்று சிவப்பாக எரிகிறது எண். அவர் ஜிப்பைத் திறந்து ஒரு கடலைமிட்டாய் பாக்கெட்டை உருவி ஓரமாக வைக்கிறார். ஆறு தொள்ளாயிரத்து ஐம்பது. முகத்தில் திருப்தி.

"இந்தத் தடவை எங்க அண்ணாச்சி?" என்கிறார் கடைக்காரர்.

"நல்ல விலைக்கு விழுந்திருச்சுப்பா."

எங்கே என்று கேட்டவருக்கு எவ்வளவு என்று பதில். ஆனால் கடைக்காரர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, பழகியவர். வெளியே எடுத்த பாக்கெட்டை வாங்கி உள்ளே வைத்துக்கொள்கிறார்.

தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, காலில் தேய்ந்த தோல் செருப்பு. சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் அவர் பேச, மற்றவர்கள் கேட்பார்கள். நான் ஒரு மூலையில் பேப்பர் படிப்பதுபோல் இருப்பேன். சின்ன வயதிலிருந்தே ஆகாய விமானக் கிறுக்காம். தோணுகால் பக்கம் ஓடுபாதை இருக்கிறதே, அதைப் பார்க்கவென்றே சைக்கிள் மிதித்துப் போயிருக்கிறார். விமானம் எதுவும் நிற்கவில்லையாம். "தரை நல்லாப் போட்டிருந்தான்" என்கிறார். அந்தப் பாராட்டின் அருமை வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. கரிசல் மழையில் உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். சரள் போட்டு இறுக்காவிட்டால் ரோடே நெளிந்துவிடும், ஓடுபாதைக்குக் கேட்கவே வேண்டாம். அந்த இடத்தில் விமானிப் பயிற்சிப் பள்ளி கொண்டுவர அரசு நிறுவனமான டிட்கோ ஏற்பாடு செய்வதாகப் பேப்பரில் வந்த அன்று, பெஞ்சில் இருந்த எல்லாருக்கும் அவர் கணக்கில் டீ. அப்படி நடப்பது அபூர்வம்.

கேப்டன் கோபிநாத் 2003இல் ஏர் டெக்கானைத் தொடங்கி, ஒரு ரூபாய்க்கு டிக்கெட் என்று அறிவித்த கதையை அவர் சொல்லிக் கேட்கவேண்டும். வரியும் கட்டணமும் தனி என்பதை மறக்காமல் சேர்த்துச் சொல்வார், கணக்குப்பிள்ளை அல்லவா. அந்தக் கதையைத் தழுவிய 'சூரரைப் போற்று' 2020இல் வந்தபோது ஊரே சூர்யாவைப் பார்த்தது. இவர் பார்த்தது விமானத்தை மட்டும். மலிவு விமானத்தின் சூட்சுமத்தை அவர் ஒரே வரியில் சொல்கிறார்: "முன்னாடி வாங்குறவனுக்கு மலிவு. அவசரத்துக்கு வாங்குறவன் என் டிக்கெட்டுக்கும் சேத்துக் கட்டுறான்."

அந்த அவசரக்காரர்களில் நானும் ஒருவன் என்பது அவருக்குத் தெரியாது.

கோவில்பட்டியில் கஞ்சன் என்ற பெயர் அவருக்கு உண்டு. மதுரையிலிருந்து பறப்பதென்றால் மாட்டுத்தாவணி பஸ் ஏறி, ரிங் ரோட்டில் மண்டேலா நகரில் இறங்கி, அங்கிருந்து நடை. வாகைக்குளம் விமான நிலையம் என்றால் எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி, அங்கே திருநெல்வேலி பஸ் மாறவேண்டும். கையில் கொண்டுபோகும் பை ஏழு கிலோவைத் தாண்ட விடமாட்டார், தாண்டினால் காசு. விமானத்தில் விற்கிற சாண்ட்விச்சை ஏறிட்டும் பார்க்கமாட்டார், கையில் புளிச்சோறு இருக்கும். காலித் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோய் சோதனை முடிந்தபின் உள்ளே நிரப்பிக்கொள்வார். எனக்கென்னவோ இதைக் கஞ்சத்தனம் என்று சொல்ல வாய் வரவில்லை. மிச்சம் பிடிக்கிற காசெல்லாம் அடுத்த டிக்கெட்டுக்குத்தான் போகிறது.

கார்த்திகை மாதம், வாகைக்குளம் விமான நிலையம். வரிசையில் அவர் முன்னால், நான் பின்னால். 1992இல் தொடங்கிய நிலையம் இது. 1,350 மீட்டர் ஓடுபாதையை வைத்துக்கொண்டு சின்ன விமானங்களோடு வெகுகாலம் ஓட்டியது. இப்போது ஓடுபாதை மூன்று கிலோமீட்டர். 2025 ஜூலை 26இல் புதிய முனையத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். அண்ணாச்சி கூரையை, கண்ணாடியை, தரையை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். சம்பந்தி வீட்டுக்கு முதல்முறை வந்தவர் மாதிரி.

"தீப்பெட்டி, லைட்டர் ஏதும் வச்சிருக்கீங்களா?" சோதனை செய்பவர் கேட்கிறார்.

"ஊர் பூரா இருக்கு தம்பி. பையில இல்ல."

தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. பையில் இருந்த கடலைமிட்டாய் தடையின்றிப் போனது. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிச் சரக்கு அல்லவா.

விமானம் ஏ.டி.ஆர். இறக்கை தலைக்குமேல், பக்கத்துக்கு ஒரு விசிறி. காசு கொடுத்து சீட் எடுக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. இந்த விமானத்தில் இரண்டுக்கு இரண்டுதான், நடு சீட் என்பதே இல்லை, அதனால் அவர்களாக ஒதுக்கினாலும் ஜன்னல் விழப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இன்று அவருக்கு விழவில்லை. ஜன்னலோரத்தில் காதில் ஒயரோடு ஒரு பையன். அவனிடம் குனிந்து ஏதோ சொல்கிறார். பையன் எழுந்து இடம் மாறுகிறான். கோவில்பட்டி லஞ்சம் ஒரு பாக்கெட் கைமாறுகிறது.

விசிறிகள் சுழல, இருக்கைகள் அதிர்கின்றன. அவர் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்துக் கீழே பார்க்கிறார். ஊரைப் பார்க்கவில்லை, சக்கரத்தைப் பார்க்கிறார். ஏ.டி.ஆரில் இறக்கைக்குப் பக்கத்து வரிசைகளிலிருந்து சக்கரம் தெரியும். அது தரையை விட்டதும், மடங்கி உடம்புக்குள் போனதும் தொடையில் லேசாக ஒரு தட்டு. அப்புறந்தான் நிமிர்கிறார். மழைத்தண்ணீர் நிற்கும் உப்பளப் பாத்திகள், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், கடல். விமானம் வடக்கே திரும்ப, உளுந்தும் மக்காச்சோளமும் முளைத்த கரிசல். அதன் குறுக்கே வைப்பாற்று மணல்.

பையிலிருந்து பழைய தீப்பெட்டி லேபிள் ஆல்பம் ஒன்று வெளியே வருகிறது. லேபிள் இருந்த இடங்களில் போர்டிங் பாஸ்கள். அந்தத் தாளில் எழுத்து கொஞ்சநாளில் வெளுத்துவிடும். வெளுத்தவற்றின்மேல் நீலப் பேனாவால் தேதி, விமான எண், இருக்கை எண் என்று கணக்குப் புத்தகக் கையெழுத்தில் எழுதியிருக்கிறார். இன்றையதையும் செருகி மூடுகிறார்.

பையன் காதிலிருந்து ஒயரை எடுக்கிறான்.

"மெட்ராஸ்ல என்ன சோலி தாத்தா?"

"ஒண்ணுமில்ல. ராத்திரி முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல ஊருக்குத் திரும்பணும்."

"அப்போ எதுக்கு வாரீங்க?"

அவர் ஜன்னலைக் காட்டிவிட்டு, அவன் கையிலிருந்த பாக்கெட்டைக் கேட்டு வாங்கிப் பிரித்து, தனக்கும் ஒன்றை எடுத்துக்கொண்டார்.