பழி மரத்துக்கு, பிழை ஒட்டில்

மாதிரி விமானத்தின் இறக்கை மடங்கி விழுந்தால் பழி முதலில் மரத்தின் மேல்தான் விழுகிறது. பால்சா மென்மையானது, ஈரத்தைக் குடிக்கும், மரக்காணம் மாதிரியான உப்பளக் கரைக்கு அது தாங்காது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். இதற்குச் சான்றாக ஒரு போர்க்காலக் கதையும் உண்டு: பால்சாவால் செய்த மஸ்கிட்டோ என்னும் போர் விமானங்கள் இந்தியாவுக்கு வந்ததும் நம் வெயிலிலும் ஈரத்திலும் பிரிந்து, 1944-இல் இறக்கை முறிந்து விழுந்தன என்பது. இந்தக் கதை என்னை நெடுநாளாக உறுத்துகிறது. எடை குறைந்த மரங்களைக் கட்டித்தான் இதே கரையில் தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போனார்கள். மென்மரம் இந்தக் காற்றுக்கு ஆகாது என்றால் கட்டுமரம் எப்படி நிலைத்தது?

மஸ்கிட்டோவின் அமைப்பைப் பார்த்தபோது தேடலின் திசையே மாறியது. 1940 நவம்பர் 25 அன்று முதலில் பறந்த அந்த விமானத்தில், பால்சா இருந்தது உடற்பகுதியில். இருபுறமும் பிர்ச் பிளைவுட், நடுவில் எக்குவடோர் பால்சா. இறக்கையின் சுமையைத் தாங்கியதோ ஸ்புரூஸ் மரமும் பிளைவுட்டும். அதாவது முறிந்த இடத்தில் பால்சாவுக்கு வேலையே இல்லை. அப்படியானால் பசைதான் காரணமா? தொடக்கத்தில் பயன்பட்ட கேசின் பசை பாலிலிருந்து எடுப்பது. ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த விபத்துகளைப் பற்றிய விசாரணை இன்னும் ஒரு படி உள்ளே போனது. தொழிற்சாலையில் பொருத்தும்போதே ஸ்பாருக்கும் (இறக்கையின் நெடுக ஓடும் தாங்குசட்டம்) மேல்தோலுக்கும் இடையே சரியாக ஒட்டாத இடைவெளிகள் இருந்தன. வெட்டவெளியில் நின்ற விமானங்களில் அந்த இணைப்பு வழியே நீரும் புகுந்தது. பரிகாரமாக மரத்தை மாற்றவில்லை, இணைப்பின் நெடுக ஒரு பிளைவுட் பட்டையை ஒட்டி மூடினார்கள். நம் தட்பவெப்பம் பிழையை வெளியே கொண்டுவந்தது. பிழையைச் செய்தது அதுவல்ல.

மாதிரி விமானத்துக்கும் இதே கணக்குத்தான். பறக்கும்போது மேல் ஸ்பார் அமுங்குகிறது, கீழ் ஸ்பார் இழுபடுகிறது. பால்சா இழுப்பைத் தாங்கும் அளவுக்கு அமுக்கத்தைத் தாங்காது. ஆகவே மேலே கெட்டியான துண்டையோ ஸ்புரூஸையோ வைப்பது முறை. இரண்டு ஸ்பாருக்கும் நடுவே, இழை செங்குத்தாக நிற்கும்படி மெல்லிய பால்சாத் தகட்டை ஒட்ட வேண்டும். முன்விளிம்பிலிருந்து ஸ்பார் வரை மேலும் கீழும் தகடு போர்த்தினால் மூடிய பெட்டி ஒன்று உருவாகும். முறுக்கைத் தாங்குவது அதுதான். கார்பன் குழாய் ஒன்றைச் செருகினால் போதாதா என்று கேட்கலாம். வளைவுக்கு அது நன்றாக உதவும். ஆனால் ரிப்புகளோடு (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்கள்) உறுதியாக ஒட்டாத குழாய், இறக்கைத் தோல் முறுகுவதைத் தடுக்காது. மரத்தைத் தடிமனாக்கினாலோ எடை கூடி, தாங்க வேண்டிய சுமையும் கூடுகிறது.

உப்புக்காற்றைப் பொருட்படுத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்போடு கலந்துள்ள மெக்னீசியம் உப்புகள் அதற்கும் வெகு முன்பே ஈரமாகிவிடும். இறக்கையில் படிந்த உப்புத்தூள், மழையே இல்லாத நாளிலும் இணைப்பை நனைத்துக்கொண்டிருக்கும். சாதாரண வெள்ளைப் பசை இதில் இளகும். கட்டுமரக்காரர்கள் கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே காயவைத்தார்கள். ஒட்டிய இறக்கையை அப்படி அவிழ்க்க முடியாது. எனவே ஸ்பார் இணைப்புகளுக்கு எபாக்ஸி, திறந்த மர முனைகளுக்கெல்லாம் பூச்சு, பறந்து முடித்ததும் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தல் ஆகியவை இந்தக் கரையில் கட்டாயம்.

இறக்கை முறிந்தால் துண்டுகளை வீசிவிடாதீர்கள். முறிந்த முகத்தில் மர இழை கிழிந்திருந்தால் சுமை அதிகம். பசை வழவழப்பாகப் பிரிந்து வந்திருந்தால் ஒட்டியதில் குறை. மரத்தைக் குறை சொல்லும் முன் அந்த முகத்தைப் பாருங்கள்.